காவல் நாய்க்குப் புரதம்: டப்பா பொடியா, பெரிய மார்க்கெட் மீன் தலையா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் முற்பகல் ஏற ஏற மீன் பகுதியில் கூட்டம் குறையத் தொடங்கும். கீரையும் கத்தரியும் வாழையிலையும் கொண்டுவந்து போட்டுவிட்டு ஊர் திரும்பும் விவசாயிகளில் சிலர், அந்த நேரத்தில் ஒரு பையில் மீன் தலையும் செவுளும், ஆட்டுக்கறிக் கடையில் ஒதுக்கிய நுரையீரல் துண்டும், கோழிக் கடையில் கால், கழுத்து, குடலும் வாங்கிக்கொண்டு போவது உண்டு. வீட்டில் காவல் நாய் இருக்கிறது, அதற்குத்தான். 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர் பெயரால் இதற்குக் குபேர் அங்காடி என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப் பலகை எப்படியிருந்தாலும் ஊரார் வாயில் இது பெரிய மார்க்கெட்தான். நாய்க்கும் பூனைக்கும் இது என்றைக்கும் பெரிய சாப்பாட்டுக் கடைதான்.

இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நாய் மெலிந்தால், முடி கொட்டினால், கழிச்சல் கண்டால், "புரதப் பொடி வாங்கிக் கொடு, நோய் எதிர்ப்பு சக்தி வந்துவிடும்" என்று யாராவது சொல்கிறார்கள். நகரத்துக் கடையில் அந்த டப்பாவின் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு மூட்டை தவிட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தயங்கி நிற்கும் சிறு விவசாயிக்கு எது சரி, எது வீண் என்று தெரிய வேண்டும். ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் களத்துமேட்டுக்கும் காவல் அந்த நாய்தான். அதை நோயில் இழந்தால் நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், நாய் வழியாக ஆட்டுக்கும் குழந்தைக்கும் வரக்கூடிய நோய்.

கஞ்சி மட்டும் போதுமா?

நாய் மாமிசம் தின்னும் பிராணி. ஆனால் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து சோறும் கஞ்சியும் செரிக்கப் பழகிக்கொண்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு, ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதை 2013-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ஆகவே நாய்க்குச் சோறு போடுவது தவறில்லை. சோறு மட்டும் போடுவதுதான் தவறு.

15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி தேவை. அதனுள் 45 கிராம் புரதம் இருந்தால் நன்று. முழுவதும் அரிசியாகக் கொடுத்தால் 1,000 கலோரிக்கு 280 கிராம் அரிசி வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 20 கிராம்தான். வயிறு நிறையும், உடம்பு நிறையாது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு. நாயின் உடல் தானே தயாரிக்க முடியாமல் உணவிலிருந்தே பெற வேண்டிய அமினோ அமிலங்கள் பத்து. அவற்றில் ஒன்று குறைந்தாலும், மற்ற ஒன்பதும் ஏராளமாக இருந்து பயனில்லை. ஏர் பூட்ட ஒரு மாடு இல்லையென்றால் மற்ற மாடு எவ்வளவு கொழுத்திருந்தும் உழவு நடக்காது அல்லவா? அதுபோலத்தான்.

அதே நாய்க்கு 200 கிராம் அரிசியைச் சோறாக்கி, 30 கிராம் துவரை அல்லது பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, 100 கிராம் மீன் சதையும் ஒரு முட்டையும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கொடுத்தால் கணக்கு வேறாகிறது. அரிசியில் 14 கிராம், பருப்பில் 7, மீனில் சுமார் 20, முட்டையில் 6. ஆக 47 கிராம் புரதம். கலோரியும் ஏறத்தாழ ஆயிரம் வந்துவிடும். இந்த உணவுக்குமேல் ஒரு கரண்டி பொடி என்ன சேர்க்கும் என்பதை டப்பாவின் மேலேயே படித்துப் பார்க்கலாம். 100 கிராம் பொடியில் 20 கிராம் புரதம் என்று அச்சிட்டிருந்தால், 10 கிராம் கரண்டியில் 2 கிராம்தான்; ஒரு முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. பால் திரிந்த நீரிலிருந்து செய்யப்படும் அடர் புரதப் பொடியாக இருந்து, நூற்றுக்கு 80 பங்கு புரதம் இருந்தாலும் ஒரு கரண்டிக்கு 8 கிராம்; முட்டையைவிட 2 கிராம் கூடுதல். விலையை அவரவர் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பு சக்தி எங்கே உண்டாகிறது?

கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் புரதத்தால் ஆனவை. அவற்றைச் செய்யும் வெள்ளை அணுக்கள் பெருகவும் புரதம் வேண்டும். நாயின் உடலில் இந்தக் காவற்படையின் பெரும்பகுதி குடலின் சுவரை ஒட்டித்தான் குடியிருக்கிறது. உள்ளே வருவதெல்லாம் வாய் வழியாகத்தானே வருகிறது! குடலின் உட்சவ்வு சில நாட்களுக்கு ஒருமுறை தேய்ந்து புதிதாக வளர்கிறது. அதற்கும் மூலப்பொருள் அமினோ அமிலங்களே. உணவில் புரதம் வற்றினால் முதலில் இந்தச் சவ்வு மெலிகிறது. வெள்ளை அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. தடுப்பூசி போட்டாலும் உடல் போதிய எதிர்ப்பொருள் செய்யத் திணறக்கூடும். காயம் ஆற நாளாகிறது.

இதனால் புரதக் குறைவு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேவைக்குமேல் புரதம் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி தேவைக்குமேல் உயரும் என்று எண்ணுவது தவறு. வயலுக்கு வேண்டிய தழைச்சத்தை இட்டபின் மேலும் யூரியா கொட்டினால் நெல் சாய்கிறதே ஒழிய மணி கூடுவதில்லை. நல்ல உடல்நலமுள்ள நாய், மிகுதிப் புரதத்தை உடைத்து யூரியாவாக்கிச் சிறுநீரில் கழித்துவிடும். சிறுநீரகம் பழுதடைந்த கிழட்டு நாய்க்கு அந்த வேலையும் பாரமாகும்.

குடலின் உள்ளே நடப்பது இன்னும் சுவையானது. நன்கு வெந்த முட்டை, மீன், கறி ஆகியவற்றின் புரதம் சிறுகுடலிலேயே பெரும்பாலும் செரித்து இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. செரிக்காத புரதமும் அளவுக்கு மிஞ்சிய புரதமும் பெருங்குடலுக்குள் இறங்குகின்றன. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. நார்ப்பொருள் போனால் அவை அதைப் புளிக்க வைத்துக் குடற்சுவருக்கு உணவாகும் நல்ல அமிலங்களைத் தருகின்றன. புரதம் போனால் அதை அழுக வைக்கின்றன. அம்மோனியா, முட்டை அழுகிய நாற்றமுள்ள வாயு, மலத்துக்கே உரிய கெட்ட நாற்றம் தரும் பொருள்கள் எல்லாம் உண்டாகின்றன. கறியை மிகுதியாகத் தின்ற நாய்களின் குடலில் கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் பெருகுவதாகவும் கண்டிருக்கிறார்கள். பொடி கொடுக்கத் தொடங்கிய பின் நாயின் மலம் இளகி, வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதபடி வாயு பிரிந்தால், நாய்க்குச் சக்தி ஏறுகிறது என்று பொருளல்ல. புரதம் செரிக்காமல் கீழே போகிறது என்று பொருள்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ஒரு கைப்பிடி வெந்த பரங்கிக்காய் அல்லது கேரட் உணவில் சேர்த்தால் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நார்ப்பொருள் கிடைக்கும். பால் குடித்தால் கழியும் நாய்கள் பல. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்த நாயிடம் குறைவு. தயிரிலும் மோரிலும் அச்சர்க்கரை சற்றுக் குறைந்திருப்பதால் சிறிதளவு மோர்ச்சோறு பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்கிறது. உணவை எப்போது மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, ஏழு முதல் பத்து நாட்களில் முழுமையாக மாற்ற வேண்டும். குடல் நுண்ணுயிர்களும் பழக அவகாசம் கேட்கின்றன.

புழுவுக்கா, நாய்க்கா?

மெலிந்த நாயைக் கண்டதும் புரதத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன் புழுவைப் பற்றி எண்ண வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைப் பகுதியின் ஈர மணலும் வெப்பமும் கொக்கிப்புழுவுக்கு ஏற்ற சூழல். இதன் இளம்புழு மண்ணிலிருந்து நாயின் தோலைத் துளைத்தும் உள்ளே போகும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சொட்டுக்கணக்குதான். நூறு புழு இருந்தால் நாளுக்குப் பல மில்லி லிட்டர் இரத்தம் போகிறது. இரத்தம் என்பது புரதமும் இரும்பும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல், புழுவை வைத்துக்கொண்டு முட்டையும் பொடியும் கொடுத்தால் விருந்து புழுவுக்கு. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறமும், ஈறும் வெளுத்திருக்கும். மலம் கறுத்துத் தாரைப்போல் இருக்கும். குட்டிகளை இது கொன்றே விடும்.

குட்டிகளுக்குப் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். தாய்க்கும் அதே வேளையில் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தேவை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது; ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் நாய்க்கு ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிகிச்சைப் பகுதியிலோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ ஒரு தீப்பெட்டி அளவு மலத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் எந்தப் புழு என்று தெரிந்துவிடும்.

பையில் வருவது என்ன?

இனி மார்க்கெட் பைக்கு வருவோம். அதில் இருப்பது மலிவான, உயர்ந்த தரமான புரதம். சந்தேகமில்லை. பச்சையாகப் போட்டால் அதுவே பொல்லாத சரக்கு.

ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர் நிறைந்த கொப்புளம் போன்ற கட்டிகள் இருக்கும். கடைக்காரர் அந்தத் துண்டை அறுத்து ஒதுக்குவார். அது நாயிடம் போகும். அக்கட்டி ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். நாய் அதைத் தின்றால் ஏழு வாரத்துக்குள் அதன் குடலில் ஆயிரக்கணக்கான சிறு நாடாப்புழுக்கள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர்கூட இருப்பதரிது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு ஒரு நோவும் வராது, துள்ளி ஓடும். முட்டைகள் புல்லில் விழுந்தால் ஆட்டுக்கு. நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்து, நாயைத் தடவிய கையோடு குழந்தை சோறு தின்றால் குழந்தைக்கு. மனித ஈரலிலும் நுரையீரலிலும் அந்த நீர்க்கட்டி ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி வளரும். பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நாயின் புரதத்தை மிச்சம் பிடிக்கப் போய் இந்தச் செலவை எந்தச் சிறு விவசாயியால் தாங்க முடியும்?

இதன் உறவினரான இன்னொரு நாடாப்புழுவின் கட்டி ஆட்டின் மூளையில் வளர்கிறது. அந்த ஆடு தலையை ஒருபக்கம் சாய்த்து வட்டமடிக்கும், பார்வை மங்கும், மந்தையைவிட்டு விலகி நிற்கும். இறந்த ஆட்டின் தலையை நாய்க்கு எறிந்தால் வட்டம் முழுமையாகிறது: நாயிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு, அங்கிருந்து அடுத்த ஆட்டுக்கு.

எனவே உறுப்புக் கறி எதுவானாலும் சிறு துண்டுகளாக்கி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் அரை மணிக்குக் குறையாமல் வேகவைத்தே கொடுக்க வேண்டும். நீர்க்கட்டி தெரிந்தால் வேகவைத்தும் கொடுக்க வேண்டாம். எரித்துவிடலாம் அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கலாம். பச்சை உறுப்பு தின்று பழகிவிட்ட நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டல் மருந்து கொடுத்தால் புழு முட்டையிடும் பருவத்துக்கு வருமுன் அழியும். வழக்கமாகக் கொடுக்கும் எல்லாக் குடற்புழு மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

மாடு வைத்திருப்போர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடு கன்று ஈன்றதும் விழும் நஞ்சுக்கொடியை நாய் இழுத்துக்கொண்டு போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதன் மூலம் நாய்க்குப் போகும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி, நாயின் மலத்தால் தீவனத்தில் கலந்து, மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. நஞ்சுக்கொடியை உடனே புதைக்க வேண்டும்.

மீனைப் பொறுத்தவரை மத்தி, காரப்பொடி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் நாய்க்கு நல்லவை. முள் நன்கு மசியும்வரை வேகவைத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். சில வகை மீன்களில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி உண்டு. தொடர்ந்து பச்சையாகத் தின்னும் நாய்க்குப் பசி குறைந்து, கால் தள்ளாடும். வெந்தால் அந்த நொதி செத்துவிடும். ஆனால் வெந்தாலும் போகாத நஞ்சு இரண்டு உண்டு. வெயிலில் கிடந்து கெட்ட சூரை, கானாங்கெளுத்தி ஆகியவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் ஒன்று. பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் நஞ்சு மற்றொன்று. கழிவு மீன் குவியலில் சிறு பேத்தை கலந்து வருவதுண்டு. பொறுக்கி எறிந்துவிட வேண்டும். செவுளையும் குடலையும் நீக்கிவிடுவது எப்போதும் நல்லது.

கருவாடு கைவசம் இருந்தால் அதுவும் உதவும். 30 கிராம் கருவாட்டில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உண்டு. உப்புதான் தொல்லை. இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வேகவைத்த நீரையும் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம்.

கோழிக் கழிவில் கழுத்தும் ஈரலும் நல்லவை. ஈரலை நாள் தவறாமல் மிகுதியாகக் கொடுத்தால் ஏ உயிர்ச்சத்து மிஞ்சி எலும்பைக் கெடுக்கும். வாரத்தில் இரண்டொரு நாள் சிறு துண்டு போதும். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் பிளக்கும்; சதையைப் பிரித்தெடுத்து எலும்பை ஒதுக்கிவிட வேண்டும். ஆட்டு இரத்தத்தில் புரதம் ஏராளம். ஆனால் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் மிகவும் குறைவு. அதை மட்டும் நம்பாமல் முட்டையோடும் பருப்போடும் சேர்த்துக் கொடுக்கலாம். முட்டையையும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள் பயோட்டின் என்ற உயிர்ச்சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. தொடர்ந்தால் தோலும் முடியும் கெடும்.

வீட்டு மிச்சத்தில் மீன் குழம்பை அப்படியே ஊற்றும் வழக்கமும் நல்லதல்ல. அதில் மீனோடு வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை நாயின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும்.

கடலைப் புண்ணாக்கு எச்சரிக்கை

மாட்டுக்கு வாங்கிய கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நாய்க் கஞ்சியில் கலப்போர் உண்டு. புரதம் நிறைய உண்டென்பது உண்மை. ஆனால் ஈரம் பட்ட புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் பூத்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். மாடு ஓரளவு தாங்கும், நாய் தாங்காது. ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, இரத்தம் கக்கிச் சாகும். வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் போகாது. 2020-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் கடையில் விற்ற நாய்த் தீனியிலேயே இந்நஞ்சு இருந்து 70-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன. ஆகவே பழைய புண்ணாக்கு வேண்டாம். செடிவழிப் புரதம் வேண்டுமென்றால் பருப்பு போதும்; அல்லது 30 கிராம் சோயா உருண்டையை வேகவைத்து நீரைப் பிழிந்து போடலாம், 15 கிராம் புரதம் கிடைக்கும். சோயாவை வேகாமல் கொடுத்தால் புரதத்தைச் செரிக்கும் நொதியையே அது தடுக்கும்.

டப்பாவில் அச்சிட்ட சதவீதம்

கடையில் வாங்கும் தீனியிலோ பொடியிலோ "கச்சாப் புரதம் இவ்வளவு சதவீதம்" என்று போட்டிருப்பார்கள். புரதத்தை நேராக அளப்பதில்லை. தழைச்சத்தான நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்வதே வழக்கம். இந்தக் கணக்கின்படி 46 சதவீதம் நைட்ரஜன் உள்ள யூரியா உரத்தில் 287 சதவீதம் "புரதம்" இருக்க வேண்டும்! தோல் துணுக்கிலும் இறகிலும்கூட நைட்ரஜன் உண்டு. நாயால் அவற்றை எளிதில் செரிக்க முடியாது. 2007-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற பொருளைக் கலந்திருந்தார்கள். அதில் நைட்ரஜன் மிகுதி. சோதனையில் புரதம் உயர்ந்து தெரிந்தது. அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் அடைத்துச் செத்தன. ஆகவே சதவீதத்தோடு அது எதிலிருந்து வந்த புரதம் என்றும் டப்பாவில் தேடிப் படிக்க வேண்டும்.

மனிதருக்கென மருந்துக்கடையில் விற்கும் புரதப் பொடியை நாய்க்குக் கொடுப்பது இன்னும் ஆபத்து. சிலவற்றில் இனிப்புக்காக ஸைலிட்டால் சேர்த்திருப்பார்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தும், ஈரலைக் கெடுக்கும். சாக்லேட் சுவையுள்ளவற்றில் இருக்கும் கோகோவும் நாய்க்கு நஞ்சே.

கூடுதல் புரதம் யாருக்கு?

எல்லா நாய்க்கும் ஒரே அளவு அல்ல. பால் கொடுக்கும் பெட்டைக்கு உணவே இரண்டு முதல் நான்கு மடங்கு வேண்டும். சினையின் கடைசி மூன்று வாரத்திலிருந்தே கூட்டிக்கொண்டு வரவேண்டும். குட்டிகளின் உணவில் நீர் நீக்கிய எடையில் நூற்றுக்கு 22 பங்குக்குமேல் புரதம் தேவை. வளர்ந்த நாய்க்கு 18 பங்கு போதும். மூன்றரை வாரத்திலிருந்து கேழ்வரகுக் கஞ்சியில் மசித்த முட்டை சேர்த்துப் பழக்கலாம். நாளெல்லாம் மந்தையோடு ஓடும் கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாய்கள் இயல்பாகவே ஒடிசலானவை. விலா இலேசாகத் தெரிவது அவற்றுக்கு அழகு. அதைப் பார்த்து மெலிவு என்றெண்ணிக் கொழுக்க வைக்க வேண்டாம்.

நோயிலிருந்து தேறும் நாய்க்கும் கூடுதல் புரதம் வேண்டும். 1978-ல் உலகுக்குத் தெரியவந்து, சில ஆண்டுகளில் நம் நாட்டுக்கும் வந்த பார்வோ நோய், வேகமாகப் பெருகும் குடல் அணுக்களையே தாக்குகிறது. சவ்வு உரிந்து, இரத்தக் கழிச்சலில் புரதமும் நீரும் போய்க் குட்டி துவண்டுவிடும். வாந்தி நிற்கும்வரை பட்டினி போடுவதே முன்பு வழக்கம். 2003-ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில், பார்வோ கண்ட 30 நாய்களில் பாதிக்கு முதல் நாளிலிருந்தே குழாய் வழியாக நீர்த்த உணவு செலுத்தினார்கள். அவை பட்டினி கிடந்தவற்றைவிட விரைவில் தேறி, எடையும் கூடின. குடலுக்கு உணவு உள்ளிருந்தே கிடைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. வீட்டில் வாந்தியெடுக்கும் குட்டியின் வாயில் வலிந்து ஊற்றலாம் என்பதல்ல இதன் பொருள். அது மூச்சுக்குழலில் போய்விடும். மருத்துவரிடம் கொண்டுபோய் நீர் ஏற்றி, அவர் சொன்னபின் வெந்த முட்டை வெள்ளையும் குழைந்த சோறும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

சீம்பாலில் ஒரு செய்தி

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் புரதம் என்று ஏதாவது உண்டா என்று தேடினால், விவசாயி வீட்டுத் தொழுவத்திலேயே ஒன்று இருக்கிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 24 நாய்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவின் தீனியில் ஆயிரத்தில் ஒரு பங்கு உலர்ந்த பசுஞ்சீம்பால் பொடியை 40 வாரம் கலந்தனர். அந்த நாய்கள் டிஸ்டெம்பர் தடுப்பூசிக்கு அதிக எதிர்ப்பொருள் உண்டாக்கின. குடலைக் காக்கும் எதிர்ப்பொருளும் மலத்தில் கூடுதலாகக் காணப்பட்டது. குடல் நுண்ணுயிர்களும் நிலைகுலையாமல் இருந்தன. ஆய்வை நடத்தியது நாய்த் தீனி நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள். நாய்களின் எண்ணிக்கையும் குறைவு. அதை மனத்தில் வைத்தே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கொடுத்தது பதமாக உலர்த்திய பொடி. நாம் திரட்டுப்பால்போல் காய்ச்சினால் எதிர்ப்பொருள்கள் கெட்டுவிடும், வெறும் புரதம்தான் மிஞ்சும். எப்படியாயினும் கன்றுக்குப் போகத்தான் மற்றவருக்கு. கன்று பிறந்த இரண்டு மணிக்குள் முதல் சீம்பால் அதன் வயிற்றில் இருக்க வேண்டும். முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு போக வேண்டும். மிஞ்சினால் நாய்க்கு ஓரிரு கரண்டி ஊற்றலாம். அதிகம் ஊற்றினால் கழியும்.

நாய்க்குட்டிக்கும் தன் தாயின் சீம்பால்தான் முதல் கவசம். தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருளில் பெரும்பங்கு பிறந்த முதல் நாளில் குடிக்கும் பாலில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அந்தக் கதவை மூடிக்கொள்ளும். தாய் நன்கு தின்று, தடுப்பூசி போட்டிருந்தால் அந்தப் பால் வலுவாக இருக்கும். தாய் தந்த இந்தக் கவசம் ஆறு வாரத்துக்குமேல் மெல்லக் கரையும். கரையும்வரை தடுப்பூசியையும் ஓரளவு தடுக்கும். அதனால்தான் ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை சில முறை போடச் சொல்கிறார்கள். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு முட்டையை நம்பியிருந்தால் பார்வோ வந்தே தீரும்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஓராண்டில், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். நாய் மெலிந்திருக்கிறது, முதலில் தேறட்டும் என்று இதைத் தள்ளிப்போடுவோர் இருக்கிறார்கள். மார்க்கெட் கழிவு குவியும் இடத்தில் தெருநாய்கள் கூடும், வீட்டு நாயும் மோப்பம் பிடித்து அங்கே போகும், கடிபடும். மெலிந்த நாய்க்கும் அந்த ஊசியை உடனே போட்டுவிட வேண்டும். முட்டையும் மீனும் அன்று மாலையிலிருந்து தொடரலாம்.